ஓட்டத்திற்குப் பின் ஓய்வு

பள்ளி விளையாட்டு விழாவில் நம் கண்கள் யாவும் முடிவுக் கோட்டின் மீதே பதிந்திருக்கும். முதலில் வருபவர் யாரெனப் பார்த்துக் கைதட்டி மகிழ்வோம். கோட்டைக் கடந்த பிள்ளை அதன் பின் என்ன செய்கிறான் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? களைத்துப் புல்தரையில் சாய்கிறான். மறுநாட் காலையில் காலை ஊன்ற இயலாமல் தவிக்கிறான். மாவட்டப் போட்டி நெருங்குகிறது என்று சொல்லி, அவனை மீண்டும் திடலுக்கு அனுப்புகிறோம். இது முறைதானா?

நம் நாட்டின் புகழ்மிக்க ஓட்டக்காரர் டாக்டர் மணி ஜெகதீசன். 1966இல் பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 'பறக்கும் மருத்துவர்' என அழைக்கப்பட்டார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். 49 ஆண்டுகள் நிலைத்த அச்சாதனையை 2017இல் முறியடித்தவர் நமது மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹஃபிஸ் ஜந்தான். இத்தகைய வீரர்கள் ஒரே முறை ஓடி ஓய்வதில்லை. முதற் சுற்று, அரையிறுதி, இறுதி எனச் சில நாட்களுக்குள் பலமுறை ஓடவேண்டும். ஆகவே, ஓடிய உடலை மீண்டும் ஆயத்தப்படுத்துவதும் விளையாட்டுக் கலையின் ஒரு பகுதியேயாகும்.

கடுமையாக ஓடும்பொழுது தசை நார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து குறைகிறது. நீரும் உப்பும் வியர்வையாக வெளியேறுகின்றன. ஓய்வின்பொழுதுதான் உடல் இவற்றைச் சரிசெய்து முன்னிலும் வலுப்பெறுகிறது. தோட்டத்துப் பெற்றோர் இதனை நன்கறிவர். பால் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே வழக்கம். ஓயாமல் வெட்டினால் பால் வற்றும், மரமும் கெடும். மரத்திற்குக் காட்டும் பரிவை நம் பிள்ளைகளின் கால்களுக்கும் காட்ட வேண்டாமா?

ஓட்டம் முடிந்ததும் உடனே படுத்துவிடக் கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடங்கள் மெதுவாக நடத்தல் வேண்டும். திடீரென நின்றால் குருதி கால்களிலேயே தங்கித் தலைசுற்றல் ஏற்படலாம்.

"ஓடி வந்தவுடன் தண்ணீர் குடிக்காதே" என்று பெரியோர் சிலர் தடுப்பர். அது தவறான எண்ணம். சிறிது சிறிதாக நீர் அருந்துவதே நன்று. வெயிலில் நெடுநேரம் ஓடியவர்க்கு உப்பிட்ட கஞ்சியோ மோரோ ஏற்றது.

பின்னர் ஓரிரு மணி நேரத்திற்குள் உணவு உண்ண வேண்டும். சோறும் வாழைப்பழமும் இழந்த சக்தியைத் தரும். முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவை தசையைச் சீர்ப்படுத்தும். விலையுயர்ந்த சத்துமாவு எதுவும் தேவையில்லை.

யாவற்றினும் சிறந்த மருந்து உறக்கமே. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. போட்டிக் காலத்தில் இரவு நெடுநேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைவலி மிகுந்து, பின் தானே தணியும். அந்நாட்களில் மெல்லிய நடை போதும். ஆனால், மூட்டு வீங்கினாலோ பிள்ளை நொண்டி நடந்தாலோ, தைலம் தேய்த்து மீண்டும் ஓடவிடுதல் ஆகாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்து, மருத்துவரிடம் காட்டுக. வெயிலில் ஓடியவர் வாந்தியெடுத்தாலோ உளறினாலோ, நிழலில் கிடத்தி உடலை நீரால் குளிர்வித்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

அதிகாலையில் மரம் வெட்டுவோர்க்கும் செம்பனைக் குலை சுமப்போர்க்கும் இவ்விதிகள் பொருந்தும். அவர்களது உழைப்பும் கடும் பயிற்சியே அன்றோ!

மாணவர்களே, ஊக்கத்துடன் ஓடுங்கள்; ஓடியபின் தயங்காது ஓய்வு கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கோப்பையுடன் வந்தாலும் வெறுங்கையுடன் வந்தாலும், முதலில் நீரும் சோறும் உறக்கமும் தாருங்கள். அடுத்த ஆண்டும் அவன் மகிழ்ச்சியுடன் ஓடுவான்.