கதர் கட்டிய முருகன்!

பொங்கல் அன்று ஜல்லிக்கட்டு என்றால் மதுரை அவனியாபுரம்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருப்பரங்குன்றம், முருகனின் முதல் படைவீடு. இந்தப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குத் தனி மவுசு உண்டு. ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும்!

கதை தெரியும்தானே, குட்டீஸ்? தினைப்புனத்தில் பறவைகளை விரட்டிக் கொண்டிருக்கிறாள் வள்ளி. முருகன் வேடனாக வருகிறார், மரமாக நிற்கிறார், தாடி வைத்த தாத்தாவாகவும் வருகிறார். போதாததற்கு யானை வேறு! வசனத்தை விடப் பாட்டுதான் அதிகம். இதை மேடைக்கு எழுதித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே 'தத்துவ மீனலோசனி வித்வ பால சபை' என்ற நாடகக் குழுவை நடத்தினாரே, அவரேதான்.

சாமி வேஷத்துக்கு உடுப்பு எப்படி இருக்கும்? வெல்வெட் துணி, ஜிகினா, ஜமிக்கி, மினுமினுக்கும் கிரீடம்... பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராக வந்து போன பிறகு இந்தப் பளபளப்பு இன்னும் கூடிவிட்டது. கடைசி வரிசைப் பாட்டிக்கும் முருகன் ஜொலிக்க வேண்டும் அல்லவா?

இந்த உடுப்பைத்தான் ஒருவர் மாற்றினார். அவர் பெயர் விஸ்வநாத தாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தவர். கணீர்க் குரல்!

அன்னியத் துணியை விட்டுக் கதர் உடுத்துங்கள் என்று காந்திஜி சொல்லி வந்த காலம் அது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்திஜியே சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு, முழங்கால் வரை வேட்டியோடு வெளியே வந்தார். அது நடந்ததும் நம் மதுரை மேலமாசி வீதியில்தான்.

தாஸும் கதருக்கு மாறினார். வீட்டில் மட்டுமா? மேடையிலும்! கம்பெனி நாடகம் என்றால் முதலாளி கொடுப்பதைத்தான் உடுத்த வேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' அப்படி இல்லை. நடிகர்கள் தனித்தனியாக வந்து சேர்வார்கள், ஒத்திகையே கிடையாது, உடுப்பும் அவரவர் பெட்டியில்தான் வரும். அதனால் கதர் முருகனைத் தடுக்க ஆள் இல்லை.

கதரோ முரட்டுத் துணி. மினுக்காது. சனங்கள் ஏற்றுக் கொள்வார்களா? ஏற்றுக் கொண்டார்கள்! காரணம், பாட்டும் மாறியிருந்தது. தினைப்புனத்துப் பறவைகளோடு ஒரு வெள்ளைக் கொக்கும் பாட்டில் வந்து சேர்ந்தது. அந்தக் கொக்கு யார் என்று கூட்டத்துக்குச் சட்டென்று புரிந்துவிடும். போலீசுக்கும் புரியும், அதுதான் சிக்கல். நாடகங்களுக்குத் தடை போட 1876-லேயே ஆங்கில அரசு சட்டம் கொண்டு வந்திருந்தது.

பாவம் போலீஸ்காரர்கள்! வேலும் கையுமாக நிற்கும் முருகனைக் கைது செய்வது லேசான வேலையா? தாஸ் பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி மேடை, மறுபடி அதே பாட்டு. சிறையில் இருக்கும் நாளில் நாடகம் ஏது, காசு ஏது? வீட்டில் கடன் ஏறியது. அப்போதும் அவர் பாட்டை மாற்றவில்லை.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக் கொண்டிருந்த தாஸ், மேடையிலேயே உயிர் துறந்தார். அவருக்கு வயது 54.

இப்போதெல்லாம் மேடை முருகன் மறுபடியும் வெல்வெட்டிலும் ஜிகினாவிலும்தான் வருகிறார். தாஸுக்குத் திருமங்கலத்தில் அரசு நினைவு இல்லம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள்.