கூடு ஏரியில், சாப்பாடு வயலில்

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் கரையில் நின்று மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாலை ஐந்து மணி வரை இருந்து வானத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். நாலா திசையிலிருந்தும் நாரைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். பகலெல்லாம் அவை எங்கே இருந்தன என்ற கேள்வியில்தான் இந்த ஏரியின் ரகசியம் இருக்கிறது.

மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள இந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஆயிரக்கணக்கான பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும் உண்ணும் அளவுக்கு மீனோ நத்தையோ இதில் இல்லை. பறவைகள் இங்கே வருவது இரைக்காக அல்ல, மரத்துக்காக. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும் வேர் நீரில் மூழ்கினாலும் மாதக்கணக்கில் தாங்கும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை நரியும் காட்டுப்பூனையும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. மஞ்சள் மூக்கு நாரையின் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். அத்தனை நாளும் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வராததற்கு இதுவே காரணம்.

இரை கிடைப்பது சுற்றுவட்டார நெல் வயல்களிலும் சிற்றேரிகளிலும் குட்டைகளிலும். நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். பாக்குவெட்டியில் பாக்கை நசுக்குவதுபோல நத்தையை உடைக்கத்தான் அந்த இடைவெளி என்று முன்பு நினைத்தார்கள். உன்னிப்பாகக் கவனித்தபோது வேறு கதை தெரிந்தது. நாரை ஓட்டை நசுக்குவதில்லை. கீழ் அலகின் கூர் நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்துச் சதையை உருவி எடுக்கிறது. இளம் பறவைக்கு அலகில் இடைவெளியே கிடையாது. ஆனாலும் அது நத்தை தின்கிறது!

மஞ்சள் மூக்கு நாரையின் உத்தி வேறு. கலங்கிய நீரில் அலகைப் பாதி திறந்து வைத்தபடி நடக்கும். மீன் அலகில் பட்டவுடன் மூடிவிடும். கண் தேவையில்லை, தொடு உணர்வே போதும். இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க நாரை ஒன்றை ஆராய்ந்தவர்கள், அலகு மூட ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரமே ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். கரண்டிவாயனும் அலகைப் பக்கவாட்டில் வீசி வீசித் தொட்டுத்தான் இரை தேடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேடந்தாங்கல் என்றாலே சைபீரியாவிலிருந்து வந்து குஞ்சு பொரிக்கும் பறவைகள் என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கே குளிர்காலத்தைக் கழிக்க மட்டுமே வருகின்றன. அவை கூடு கட்டுவது ஊர் திரும்பிய பிறகுதான். மரங்களில் கூடு கட்டும் நாரை, கொக்கு, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள்.

வயலில் தின்றதை அவை ஏரியில் எச்சமாக விடுகின்றன. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்திருக்கின்றன. கூடுகளுக்கு அடியில் உள்ள தண்ணீர் மதகு வழியாகப் பாய்ந்து நெல்லுக்கு உரமாகிறது. வேடந்தாங்கல் விவசாயிகள் இதைக் கண்டறிய எந்த ஆய்வுக்கூடத்துக்கும் காத்திருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798 வாக்கில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். ஒரு சிற்றூர் அதற்கு 170 ஆண்டுகளுக்கு மேல் முந்திக்கொண்டது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இந்த ஏரி இடம்பிடித்தது.

போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள். காலையில் சீக்கிரம், இல்லையென்றால் மாலையில். தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். வெயில் ஏறும் நேரத்தில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிப்பதை அதில் தெளிவாகப் பார்க்கலாம். கூச்சலிடுவதும் ஒலிபெருக்கி வைப்பதும் வேண்டாம். பதறிய பறவை கூட்டைவிட்டு எழுந்தால், அந்தச் சில நிமிடங்களிலேயே காகம் முட்டையைக் கவ்விவிடும்.

வரும் வழியில் வயல்களையும் பாருங்கள். 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவு வரை சரணாலயமாக அறிவித்தது அந்த வயல்களையும் குட்டைகளையும் சேர்த்துத்தான். 2020-இல் அந்த எல்லையை மாற்றும் யோசனை எழுந்தபோது பறவை ஆர்வலர்களும் ஊர் மக்களும் எதிர்த்ததற்கு அழுத்தமான காரணம் இருந்தது. நத்தை கிடைக்கும் வயல் போய்விட்டால் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் குஞ்சு பிழைக்காது. அந்த 5 கிலோமீட்டரில் ஓர் அடியைக்கூட நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.