உங்கள் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது?

கார் நிற்கும்போது, ஓட்டுபவரின் இருக்கைக்கு முன்னால் எட்டிப் பாருங்கள். வேகத்தைக் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான எண் தெரியும். அதைக் காட்டும் கருவிதான் ஓடோமீட்டர். கார் புதிதாக வந்த நாளிலிருந்து இன்றுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அது சொல்லும். வேகம் கூடும், குறையும். இந்த எண் கூடுமே தவிர, குறையாது.

சரி, உங்க வீட்டுக் கார் ஓடின தூரம் தெரிஞ்சுபோச்சு. ஆஸ்திரேலியாவுல இருக்கிற எல்லா வண்டியும் சேர்ந்து ஒரு வருஷத்துல எவ்வளவு தூரம் ஓடும்? இதை யாரிடம் கேட்பது?

நாட்டில் எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்று சொல்வது எளிது. ஒவ்வொரு வண்டியையும் பதிவு செய்துதானே சாலையில் ஓட்ட முடியும்? அந்தப் பதிவேட்டில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடி வண்டிகள் இருந்தன. ஆனால் இரவும் பகலும் ஓடும் டாக்ஸியும் பதிவேட்டில் ஒரு வண்டிதான். கராஜில் தூங்கும் காரும் ஒரு வண்டிதான். எது எவ்வளவு ஓடியது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

“தெரியாட்டி என்ன? விட்டுடலாமே!” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். இரண்டு ஊர்கள். இரண்டிலும் போன வருடம் பத்துப் பத்து விபத்துகள். முதல் ஊரில் வண்டிகள் மொத்தம் 1 கோடி கிலோமீட்டர் ஓடின. அடுத்த ஊரில் 10 கோடி கிலோமீட்டர். எந்த ஊர்ச் சாலையில் ஆபத்து அதிகம்? முதல் ஊரில்தான், அதுவும் பத்து மடங்கு! தூரம் தெரியாவிட்டால் இரண்டு ஊரும் ஒன்று போலவே தெரியும். எந்தச் சாலையை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரியாமல் போகும்.

இந்தத் தூரத்தை அளக்கத்தான் ஆஸ்திரேலியப் புள்ளிவிவரப் பணியகம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2 கோடிப் பேரையும் அது கேட்கவில்லை. பதிவேட்டிலிருந்து சுமார் 16,000 வண்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்தது. இப்படித் தேர்ந்தெடுப்பதற்கு ‘மாதிரி’ என்று பெயர்.

இவ்வளவு கொஞ்சம் போதுமா? உங்கள் பாட்டியைக் கேளுங்கள். சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கப் பானையில் உள்ள எல்லாச் சோற்றையும் பாட்டி தொட்டுப் பார்ப்பதில்லை. “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பார். ஆனால் சாம்பார் எப்படி இருக்கிறது என்று சோற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. வண்டிகளும் அப்படித்தான். ஊர் விட்டு ஊர் சரக்கு ஏற்றிப் போகும் நீளமான லாரி ஒன்று சராசரியாக ஆண்டுக்கு 70,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வீட்டுக் கார் அதில் பாதிகூட ஓடாது. அதனால் கார், லாரி, பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் தனித்தனிப் பானையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள்.

தேர்ந்தெடுத்த வண்டியின் சொந்தக்காரருக்கு முதலில் ஒரு கடிதம் வந்தது. “இன்று ஓடோமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள்” என்று அது கேட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு படிவம் வந்தது. அப்போது மறுபடி எண்ணைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. முதலில் 84,215, பிறகு 87,030 என்றால், அந்த வண்டி 2,815 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எதற்காக இரண்டு தடவை எழுதச் சொல்ல வேண்டும்? “மூணு மாசத்துல எவ்வளவு ஓட்டினீங்க?” என்று சும்மா கேட்டால், “ஒரு மூவாயிரம் இருக்கும்” என்பார்கள். நம் ஞாபகம் அப்படித்தான். ஓடோமீட்டர் மறக்காது.

எல்லாருக்கும் ஒரே மாதத்தில் கடிதம் போகவில்லை. வருடத்தை நான்காகப் பிரித்து அனுப்பினார்கள். டிசம்பர் விடுமுறையில் ஓடும் தூரமும், குளிர்காலத்தில் ஓடும் தூரமும் ஒன்றா என்ன?

இப்போது ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அவர் கார் மூன்று மாதமாக அசையவே இல்லை. “நான்தான் எங்கேயும் போகலையே, எதுக்கு எழுதணும்?” என்று படிவத்தை ஓரமாக வைக்கிறார். அது தவறு. மாதிரியில் அவருடைய கார், அதைப் போன்ற நூற்றுக்கணக்கான கார்களுக்காகப் பேசுகிறது. ஓடாத வண்டிக்காரர்கள் எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டால், எல்லா வண்டிகளும் நிறைய ஓடுவது போலக் கணக்கு வந்துவிடும். அவர் எழுதும் ‘0’ மிகவும் தேவையான பதில்.

சரி, கடைசியில் என்ன தெரிந்தது? 2020 ஜூன் மாதம் முடிந்த ஆண்டில், எல்லா வண்டிகளும் சேர்ந்து ஏறத்தாழ 23,850 கோடி கிலோமீட்டர் ஓடின. பூமியிலிருந்து சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதைப் போல ஏறத்தாழ 1,600 மடங்கு! ஒரு வண்டிக்குச் சராசரியாக 12,100 கிலோமீட்டர். சிட்னியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கும் தூரத்தைவிட அதிகம்.

ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தச் சராசரி 13,400 கிலோமீட்டராக இருந்தது. ஏன் குறைந்தது? அந்த ஆண்டின் கடைசி மாதங்களில்தான் கொரோனா வந்தது. பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்ததை ஓடோமீட்டர்களும் சொல்லிவிட்டன.

செய்து பாருங்கள்: இன்று அம்மாவிடமோ அப்பாவிடமோ, “நம்ம கார் இதுவரைக்கும் எவ்வளவு ஓடியிருக்கு?” என்று கேளுங்கள். முதலில் அவர்கள் மனத்தில் நினைக்கும் எண்ணைச் சொல்லட்டும். பிறகு ஓடோமீட்டரைப் பார்த்து, இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.