இடுப்புக் கத்தியும் அதன் உறையும்

நோர்வேயிலே நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பாலர் பாடசாலை ஆசிரியர்கள் காட்டுக்கு அழைத்துச் சென்று, மரக்குற்றிகளில் இருத்தி, கையிலே உண்மையான கத்தியைக் கொடுத்துத் தடி சீவப் பழக்குவதுண்டு. சுற்றுலாவுக்குக் கத்தி கொடுத்தனுப்பலாம் என்று பாடசாலையிலிருந்து கடிதம் வரும்போது எம்மவர் வீடுகளிலே திகைப்பு ஏற்படுகின்றது. கத்தியும் துப்பாக்கியும் எதற்குப் பயன்படும் என்பதைக் கண்ணாற் கண்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறியோருக்கு இத்திகைப்பு இயல்பானதே. ஆயினும், ஏனைய பிள்ளைகள் சீவிக்கொண்டிருக்க எமது பிள்ளை மட்டும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதன்று. இந்நாட்டவர்க்கு இக்கத்தி ஆயுதமன்று; எமது ஊரிலே ஓலை வாருவோர் கையிலிருந்த சத்தகத்தைப் போல அதுவும் ஒரு தொழிற்கருவி.

நோர்வேயில் இதனைத் தொல்லெக்னீவ் என்பர்; சீவும் கத்தி என்பது பொருள். பின்லாந்தில் பூக்கோ என்பது இதன் பெயர். வடகோடியிலே பனிமான் மேய்க்கும் சாமி மக்கள் இதைவிடப் பெரிய, சிறு விறகு பிளக்கவும் உதவும் லெயுகு என்ற கத்தியையும் வைத்திருப்பர். சுவீடனிலோ மூரா என்ற ஊரின் பெயரே கத்தியின் பெயராகிவிட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய புரொஸ்ற் எரிக் எர்சன் என்பவர், மூராவுக்கு அண்மையிலுள்ள ஒஸ்ற்னூர் கிராமத்தில் 1891 இல் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்தவையே இன்றைய மூராக் கத்திகள். பின்லாந்தின் ரொவனியெமி நகரில் மார்த்தீனி 1928 இலும், நோர்வேயின் ஹொல்மெடால் கிராமத்தில் ஹெல்லே 1932 இலும் கத்தி செய்யத் தொடங்கின.

வாங்கப் போகும் வாசகர்கள் முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். உல்லாசப் பயணிகளுக்கான கடைகளில் மான்கொம்புப் பிடியுடன் மினுங்கும் கத்திகள் பெரும்பாலும் சுவரில் மாட்டுவதற்கே உகந்தவை. நெகிழிப் பிடியும் நெகிழி உறையுமுள்ள சாதாரண மூராக் கத்தி அவற்றின் விலையிற் சிறு பங்குக்குக் கிடைக்கும். இந்நாட்டுத் தச்சரும் மீனவரும் அன்றாடம் பயன்படுத்துவதும் அதுவே. முதற் கத்தியாக அதனையே வாங்குமாறு கூறுவேன். அலகு உள்ளங்கையின் அகலத்தை ஒட்டியதாக, ஒன்பது முதல் பத்துச் சென்ரிமீற்றர் நீளமாக இருந்தாற் போதும். நீண்ட அலகினால் வேலை நடவாது. வீண் சந்தேகமே வரும். பழைய பாணிக் கத்திகளுக்கு விரற்காப்பு இல்லை. ஆகவே சிறுவருக்கு, விரல் அலகின்மீது வழுக்காதபடி காப்பு வைத்துச் செய்யப்பட்டவற்றையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து உருக்கு. காபன் உருக்கு எளிதிற் கூராகும், எளிதிற் துருவும் பிடிக்கும். துருவேறா உருக்கு கடற்கரையிலும் மீன்வேலையிலும் கவலையற்றது. கூராக்கச் சற்றுக் கூடுதலான பொறுமை வேண்டும். கடினமான உருக்கை நடுவில் வைத்து இருபுறமும் மென்மையான உருக்கைப் பொருத்திச் செய்த அலகுகளும் உண்டு. நடுப்பகுதி கூரைத் தாங்க, பக்கங்கள் முறிவைத் தடுக்கின்றன. 1980களின் பிற்பகுதியிலிருந்து பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில் வேலைசெய்த எம்மவர் நன்கறிந்த, வளைந்துகொடுக்கும் மெல்லிய கத்தி வேறு, இது வேறு. அதனால் மரஞ்சீவ முடியாது. இதனால் மீனின் தசையை முள்ளிலிருந்து வழித்தெடுப்பதும் கடினம்.

உறையைப் பலர் கவனிப்பதில்லை. கத்தி வெட்டிய காயங்களைவிட, உறை சரியில்லாததால் வந்த காயங்கள் மோசமானவை என்பேன். இடுப்பிலே கத்தி இருக்க ஒருவர் பனியில் வழுக்கி விழுவதை எண்ணிப் பாருங்கள். கடையிலேயே கத்தியை உறையிலிட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்க்கவேண்டும், விழுந்தால் வாங்கவேண்டாம். பின்லாந்து உறைகள் ஆழமானவை. பிடியின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி தோலுக்குள் இறங்கி, தோலின் இறுக்கத்தினாலேயே கத்தி நிற்கும். உள்ளே அலகைச் சுற்றி மரத்தாலோ நெகிழியாலோ ஒரு கூடு வைத்திருப்பர். அது இல்லாவிடிற் கூர்முனை காலப்போக்கிற் தோலைக் கிழித்துத் தொடைக்கு வந்துவிடும். நெகிழி உறையின் அடியில் நீர் வடியச் சிறு துவாரம் இருக்கின்றதா எனவும் பாருங்கள்.

கூராக்குவதில்தான் இக்கத்தியின் தனித்தன்மை இருக்கின்றது. எமது சமையற் கத்திகளில் கூர் விளிம்புக்கருகே ஒடுங்கிய ஒரு கோடாகவே சாணை பிடிக்கப்பட்டிருக்கும். இதிலோ அலகின் நடுப்பகுதியிலிருந்து கூர்வரை அகன்ற, தட்டையான ஒரே சரிவு. அந்தச் சரிவு முழுவதும் கல்லிற் படியும்படி வைத்துத் தேய்த்தால், கோணத்தை அதுவே காட்டித்தரும், ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தைத் தேய்க்க, மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்படும். அப்போது திருப்பித் தேய்க்கவேண்டும். பிசிரை நீக்க இறுதியிற் பழைய தோற்பட்டி ஒன்றிலே கூரைப் பின்பக்கமாக இழுத்தாற் போதும். சமையலறையில் வைத்து இழுக்கும் சிறு சாணைக் கருவிகளில் இதனை ஒருபோதும் இழுக்காதீர்கள். அவை சரிவைக் கெடுத்துவிடும். மின்சாணையில் உருக்கு சூடேறி நீலம் பூத்தால், அவ்விடத்திற் பதம் போயிற்று. பின்னர் எவ்வளவு தீட்டினும் கூர் நிலைக்காது.

பராமரிப்பு பெரிய காரியமன்று. காபன் அலகிலே தேசிக்காயும் வெங்காயமும் வெட்டினாற் கருநீலப் படலம் படியும். அது துருவன்று, ஓரளவு பாதுகாப்புக்கூட. செந்நிறத் துருவையே அஞ்சவேண்டும். ஈரக் கத்தியைத் தோலுறைக்குள் இட்டு வைத்தால் மறுநாட் காலையே அது தோன்றிவிடும். கழுவி, துடைத்து, உலர்த்தி, தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசுங்கள். குளிரில் அது உறைந்து மெழுகுபோல அலகைக் காக்கும்; உணவுக்கும் தீங்கில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்துள் மரப்பிடிக் கத்தியை வைப்பது அதனைக் கொல்வதாகும். நனைந்த உறையை அடுப்பருகே காயவைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். நிழலிற் காயவிட்டுப் பின் சிறிது தேன்மெழுகு தடவலாம். எண்ணெயில் ஊறவைத்தால் தோல் தளர்ந்து கத்தி நழுவத் தொடங்கும். பேர்ச் மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் சிறந்தது. ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் எறிய வேண்டாம்; காற்றுப்பட அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து, விரித்து வெளியே காயப்போட்ட பின்னரே அகற்றவேண்டும்.

இனி, எம்மவர் எல்லோரும் அவசியம் அறிந்திருக்க வேண்டியது சட்டம். சுவீடனில் 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், பின்லாந்தில் 2003 ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டமும், நோர்வேயிற் குற்றவியற் சட்டமும் பொது இடத்திற் தக்க காரணமின்றிக் கத்தி வைத்திருப்பதைத் தடைசெய்கின்றன. வேலை, வேட்டை, மீன்பிடி, காட்டுலா ஆகியன தக்க காரணங்கள். தற்பாதுகாப்பு என்று கூறுவது காரணமாகாது. அது பொலிஸாரின் சந்தேகத்தை வலுப்படுத்தவே செய்யும். மே 17 ஆம் நாள் தேசிய உடையோடு வெள்ளிப் பூணிட்ட கத்தியை அணிந்து ஒஸ்லோ வீதியில் நடக்கும் நோர்வேயர் மீது குற்றமில்லை; ஏனெனிற் சட்டம் அதனை ஏற்கத்தக்க காரணமாகக் கொள்கின்றது. சனி இரவு அதே வீதியில் இடுப்புக் கத்தியோடு நிற்கும் இளைஞன் நோர்வேயனாயினும் தமிழனாயினும் மாட்டிக்கொள்வான். ஆனால் விளைவு இருவர்க்கும் ஒன்றன்று. நோர்வேயிலும் சுவீடனிலும் ஒரு தண்டப்பணம்கூடக் குடியுரிமை விண்ணப்பத்தைப் பின்தள்ளிவிடக்கூடும். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்போர் இதனைப் பெரிதும் கவனிக்கவேண்டும்.

மறதியாற் சிக்குவதும் நடக்கக்கூடியதே. காளான் பறித்துத் திரும்பிய ஞாயிறன்று கத்தி காரின் கதவுப் பையிலேயே கிடக்கும். புதன்கிழமை வீதிச் சோதனை வரும். சுவீடன் சட்டம் பொது இடத்திலுள்ள வாகனத்துக்கும் பொருந்தும். காட்டிலிருந்து வெளியேறும் இடத்திலேயே கத்தியை இடுப்பிலிருந்து கழற்றி முதுகுப் பையின் அடியில் வைத்து, வீடு சேர்ந்த அன்றே எடுத்து வையுங்கள். பிள்ளையின் கத்தியையும் பாடசாலைப் பையிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.