எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒரு விரல் சோதனை

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது, பின்னால் வருகிறவர் கை காட்டுகிறார்: உங்கள் கார் புகை தள்ளுகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "ஆயில் சாப்பிடுது சார், ரிங் போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெட்ரோல் காரில் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியது பி.சி.வி. வால்வு.

புது எஞ்சினிலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதை மறுபடி உள்ளிழுத்து எரிக்க வழிவிடுவது இந்த வால்வு. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியே ஆயில் கசியும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஐடிலிங் தடுமாறும். ஆயிலும் உறிஞ்சப்பட்டு நீலப்புகை வரலாம்.

வண்டி ஐடிலிங்கில் ஓடட்டும். துண்டு, துப்பட்டா பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஓஸோடு சேர்த்து வால்வை எஞ்சின் மூடியிலிருந்து பிடுங்கி, அதன் வாயில் விரலை வையுங்கள். வால்வு விரலைச் சட்டென்று இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுக்காவிட்டால் வால்விலோ ஓஸிலோ அடைப்பு. எஞ்சினை அணைத்து வால்வைக் குலுக்கினால் பெரும்பாலான வால்வுகளில் 'டக் டக்' சத்தம் கேட்கும். சில புதிய மாடல்களில் வால்வு மூடியோடு ஒட்டியே வரும், தனியே பிடுங்க முடியாது. டீசலில் அமைப்பே வேறு. அங்கே இந்தச் சோதனை உதவாது. வால்வு சரியாக இருந்தும் புகை நிற்கவில்லையா? கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள், அதன் பிறகு பிரிப்பதைப் பேசலாம்.

உப்புக் காற்றில் ஓஸ் கிளிப் துருப்பிடிக்கும், உண்மை. ஆனால் ஓஸ் வெடிப்பது பெரும்பாலும் எஞ்சின் சூட்டாலும் ஆயிலாலும்தான். எல்லாப் பழியையும் உப்பளத்தின் மேல் போட வேண்டாம்.

சில மெக்கானிக்குகள் ஓஸைக் கழற்றித் தொங்கவிட்டு, "இனி பிரச்சினை இல்லை" என்பார்கள். விஷ வாயு வெளியே போகும், கேபினுக்குள்ளும் வரும். புகைச் சான்றிதழ் இதைப் பிடிக்காது. சோதனைக் கருவி சைலன்சர் வாயில்தான் நுழைகிறது.

வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேவையில்லாமல் எஞ்சினைப் பிரித்துக் காசு பிடுங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள், மரக்காணம் பகுதி என்றால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வேறொரு மெக்கானிக் பார்த்துத் தந்த எழுத்துமூல அறிக்கை கையில் இருந்தால் வழக்கு பலமாக நிற்கும்.