மண் உண்பதும் மண் விடுவதும்

பல்கலைக்கழகங்களில் நடைபெறும் ஆராய்ச்சிகளுட் சில, கேட்ட மாத்திரத்தில் நகைப்பை விளைப்பன. ஒருவர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன கிறித்தவக் கோயிலொன்றின் மண்ணைச் சலித்துக்கொண்டிருப்பார். மற்றொருவர் அழுகிய மரக்கறியையும் எஞ்சிய சோற்றையும் தொட்டியில் அடைத்து, அதிலிருந்து எழும் வாயுவை அளந்துகொண்டிருப்பார். "இதற்கோ குடிமக்களின் வரிப்பணம்?" என்று வினவுவோர் நம் பழைய மாணவருள்ளும் உளர். அவர்களுக்கு விடை கூறுமுகமாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதனபோலத் தோன்றும் இவ்விரு துறைகளும் ஒரே வினாவையே எழுப்புகின்றன. மண்ணினுட் புகுந்த பொருளில் எது அழிகின்றது, எது எஞ்சுகின்றது, அழிவது யாதாக மாறுகின்றது என்பதே அவ்வினா.

அக்குறணையில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டு வினா அன்று. கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியின் இருமருங்கும் கடைகள் நெருங்கிய இவ்வூரைப் பிங்கா ஓயா ஊடறுத்துச் செல்கின்றது. பெருமழை பெய்தால் ஓயா வீதிக்கு வரும். வரும்போது ஊரார் அதில் இட்டவற்றையும் உடன் கொண்டுவரும். இவ்வூரிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் தொலைவில் இல்லை. தொல்பொருளியலும் விவசாயப் பொறியியலும் அங்கே தனித்தனித் துறைகளாகக் கற்பிக்கப்படுகின்றன. இரண்டையும் ஒருங்கே நோக்குவதற்கு ஏற்ற இடம் இதுவெனலாம்.

முதலிற் கோயிலைப் பார்ப்போம். 6 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்னும் வணிகர் கிரேக்க மொழியில் ஒரு நூல் இயற்றினார். உலகம் தட்டையானது என்று நிறுவ முயன்ற நூல் அது. அம்முயற்சி நகைப்புக்கிடமானது, ஆயினும் வாணிகம் பற்றி அவர் எழுதியவை பொன்போன்றவை. ஈழத்தீவிற் குடியேறிய பாரசீகக் கிறித்தவர்க்கு ஒரு கோயில் இருந்ததென்றும், அதற்குரிய குரு பாரசீகத்தில் நியமனம் பெற்று வந்தாரென்றும், தீவின் மக்களும் மன்னரும் வேறு சமயத்தினரென்றும் அவர் குறிக்கின்றார். எனவே அது வந்தேறிய வணிகரின் கோயில். ஊர்மக்களின் கோயில் அன்று.

ஏறத்தாழ 1,350 ஆண்டுகள் மண் இதற்குச் சான்று எதனையும் காட்டவில்லை. 1912 இல் அநுராதபுரத்து அகழ்வின்போது, வழவழப்பாக்கிய கருங்கற்றூண் ஒன்றின் ஒரு பக்கத்திற் குழிவாகச் செதுக்கிய சிலுவையொன்று வெளிப்பட்டது. படிகளையுடைய பீடம், பீடத்தின் இருபுறமும் எழும் இலைக்கொடி, மொட்டுப்போல விரியும் முனைகள் என்பன அதன் அமைப்பு. அப்போது தொல்பொருள் ஆணையாளராயிருந்த எயிட்டன், எகிப்தில் மன்னர் பள்ளத்தாக்கில் அகழ்ந்து பெயர்பெற்றவர். அவர் இதனைப் போர்த்துக்கேயர் காலத்தது என்று கொண்டார். 1924 இல் ஹோக்காட் இதனை விரிவாக வருணித்தார். 1926 இல் கொட்றிங்டன் இதனைக் கொஸ்மாஸின் கூற்றோடு இணைத்துப் பாரசீகக் கிறித்தவருடையது என்றார். அக்கருத்தே இன்று பெரிதும் ஏற்கப்படுகின்றது. சென்னைப் பரங்கிமலையிலுள்ள பாரசீக எழுத்துப் பொறித்த சிலுவையும், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849 இல் வழங்கப்பட்ட செப்பேடுகளும் அதற்கு அரண் செய்கின்றன. அச்செப்பேட்டிற் சாட்சிகள் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துக்களிற் கையொப்பமிட்டுள்ளனர்.

இச்செய்தி நம்மவருட் சிலர்க்கு உவப்பாயிராது. வேறு சிலர்க்கு மிகையாக உவப்பாயிருக்கும். இரண்டும் வேண்டா. ஒரு தூணிற் கண்ட சிலுவையைக்கொண்டு ஒரு நாட்டின் சமய வரலாற்றைத் திருத்தி எழுத ஒண்ணாது; அதனை மறைத்தும் எழுத ஒண்ணாது.

தூண் கிடைத்தது, கோயில் எங்கே? இதுதான் அக்கோயிலின் கட்டடம் என்று ஐயமறச் சொல்லத்தக்கது இன்னும் வெளிப்படவில்லை. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் மரம், ஓலை, கயிறு, துணி, ஏடு ஆகியவை மண்ணினுள் நெடுநாள் நிலைப்பதில்லை. காற்றும் ஈரமும் உள்ள மண்ணிற் பூஞ்சணமும் பற்றீரியாவும் கறையானும் அவற்றை உண்டுவிடும். கல்லும் சுட்ட மண்ணுமே எஞ்சும். ஆகவே கல்லிற் கட்டியவரின் வரலாறு நமக்கு மிகுதியாகவும், மரத்திற் கட்டியவரின் வரலாறு குறைவாகவும் கிடைக்கின்றது. கல்லாற் கட்டாதவர் வாழவே இல்லை என்று எண்ணுவது பெரும்பிழை.

மரத்திற் கட்டியதை மண்ணில் எவ்வாறு காண்பது? இதனை ஐரோப்பியர் தம் பழைய கோயில்களைத் தேடும் முயற்சியிற் கற்றனர். வட இங்கிலாந்தில் ஈவரிங் என்னுமிடத்தில் 627 ஆம் ஆண்டளவிற் பௌலினுஸ் என்னும் குரு பெருந்திரளான மக்களுக்கு ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்ததாக அந்நாட்டு வரலாற்றாசிரியர் பீட் எழுதியுள்ளார். 1949 இல் வானிலிருந்து எடுத்த படங்களில் அவ்விடத்துப் பயிர் கோடுகோடாக வேறுபட்டு வளர்ந்திருத்தல் தெரிந்தது. 1950களில் ஹோப் ரெய்லர் அங்கே அகழ்ந்தார். ஒரு மரத்துண்டுதானும் நிற்கவில்லை. ஆயினும் தூண் நட்ட குழிகள் நின்றன. குழியில் நின்ற தூண் உக்கி மறையும்போது, அதன் இடத்தைச் சுற்றுமண்ணினும் கரிய, மெல்லிய மண் நிரப்புகின்றது. அந்நிறவேற்றுமையை மண்கரண்டியாற் சுரண்டிச் சுரண்டித் தொடர்ந்தால் மண்டபத்தின் முழுத் திட்டமும் வரையலாம். அங்கிருந்த கட்டடங்களுள் ஒன்று கோயிலென அவர் கருதினார்.

இன்னுமொரு வழியும் உண்டு. சுவீடனில் ஒலொப் அரீனியுஸ் என்னும் மண்ணியலறிஞர், பீற்றுக்கிழங்குச் செய்கைக்காக வயல் மண்ணைச் சோதித்தபோது, சில இடங்களிற் பொசுபேற்று மிகுந்திருத்தலைக் கண்டார். அவை பழைய குடியிருப்புக்கள். மக்களும் கால்நடைகளும் வாழுமிடத்தில் எலும்பும் சாணமும் எச்சிலும் சேர்கின்றன. அவற்றின் காபன் வாயுவாகிப் போய்விடும். நைதரசனும் பெரும்பாலும் நீரிற் கரைந்தோ வாயுவாகியோ போய்விடும். பொசுபரசோ இரும்பு, அலுமினியம், கல்சியம் ஆகியவற்றோடு கட்டுண்டு மண்ணிலேயே தங்கும். கட்டியவரின் சுவர் போனாலும் உண்டவரின் குப்பை கணக்குக் காட்டும்.

கரியானதும் எஞ்சும். தீயிற் கருகிய தானியம் நுண்ணுயிர்க்கு உணவாகாது. நம் ஊரவர்க்குத் தேவாரத்தால் நன்கறிமுகமான மாதோட்டத்தில், ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் அயலிலே, 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. போரினால் அது நின்றுபோயிற்று. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தபோது மண்ணை நீரிலிட்டு மிதக்கும் கரியைச் சேர்த்தனர். நெல்லும் மிளகும் ஒரேயொரு கராம்பும் கிடைத்தன. அக்கராம்பு 900 க்கும் 1100 க்கும் இடைப்பட்டது என 2018 இல் வெளியான கட்டுரை கூறுகின்றது. இந்தோனேசியத் தீவுகளிலே காய்த்த ஒரு மொட்டு, எவரோ அடுப்படியிற் சிந்திக் கருகியதனால் நம் கைக்கு வந்தது. கொஸ்மாஸ் கூறும் பாரசீகர் இத்தகைய துறைகளிலேதான் வாணிகம் செய்திருத்தல் வேண்டும்.

இனி, அழிவதைப் பார்ப்போம். காற்றுள்ள இடத்தில் உக்கும் பொருள் பெரும்பாலும் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறும். காற்றில்லாத இடத்தில் நடப்பது வேறு, அதுவே நொதித்தல். முதலில் ஒருவகைப் பற்றீரியாக்கள் மாப்பொருளையும் புரதத்தையும் கொழுப்பையும் கரையத்தக்க சிறு துண்டங்களாக உடைக்கும். அடுத்து வருவன அவற்றை அமிலங்களாக்கும். வேறு சில அவ்வமிலங்களை அசற்றிக்கமிலமாகவும் ஐதரசனாகவும் ஆக்கும். இறுதியில் மெதேனாக்கிகள் எனப்படும் பழமையான நுண்ணுயிர்கள் இவற்றிலிருந்து மெதேன் வாயுவைப் பிறப்பிக்கும். நாம் இரசாயன வகுப்பிற் சதுப்பு வாயு என்று மனனம் செய்தது இதுவே. 1776 இல் வோல்ற்றா இத்தாலிய ஏரியொன்றின் சேற்றைக் கிளறி இதனைச் சேகரித்தார். பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயர் இல்லத்தில் 1897 இலேயே கழிவிலிருந்து இவ்வாயு எடுக்கப்பட்டது.

தொட்டியில் நடப்பது ஒரு கூட்டுக்குடும்பத்து வாழ்வு போன்றது. அமிலம் ஆக்குவோர் விரைவாக வேலை செய்வர். மெதேன் ஆக்குவோர் மெல்லச் செய்வர். ஒரே நாளில் மிகுதியான சோற்றைக் கொட்டினால் அமிலம் தேங்கும், மெதேனாக்கிகள் செயலற்றுப்போகும், தொட்டி புளிக்கும். அதனாலேயே உணவுக்கழிவோடு சாணமும் கலத்தல் வேண்டும், நாளுக்கு நாள் அளவாக இடுதல் வேண்டும் என்பர். தோடம்பழத் தோலின் எண்ணெய் இந்நுண்ணுயிர்களைத் தடுக்கும். தும்பும் பொச்சும் மரத்தூளும் உள்ளே கிடந்தாலும் எளிதிற் செரியா. அவற்றிலுள்ள இலிக்னினைக் காற்றின்றி உடைக்க வல்ல நுண்ணுயிர் அரிது. நீர் தேங்கிய சேற்றிற் பழைய மரம் நூற்றாண்டுக்கணக்கிற் கிடைப்பதும் இக்காரணத்தாலேதான். தொட்டிக்காரர் வெறுக்கும் பொருளைத் தொல்பொருளாளர் போற்றுகின்றார்.

ஏறத்தாழ 25 கிலோகிராம் பசுஞ்சாணம் நாளொன்றுக்கு ஒரு கன மீற்றர் வாயு தரும். அஃது ஓர் அடுப்பை இரண்டு மூன்று மணிநேரம் எரிக்கப் போதுமானது. உணவுக்கழிவோ எடைக்கு எடை அதனினும் பல மடங்கு தரவல்லது. இவ்வேலைக்கு உகந்த வெப்பநிலை 35 பாகை செல்சியசு அளவாகும். மலைநாடு அதனினும் குளிர்ந்தது. ஆகவே யாழ்ப்பாணத்திற் போதுமான தொட்டி அக்குறணைக்குச் சிறிது பற்றாது; கழிவு கூடிய நாள் தங்குமாறு பெரிதாகக் கட்டி, நிலத்தினுள் புதைத்தல் நன்று.

இவ்விரு ஆராய்ச்சிகளும் ஒரே மனிதரிடத்திற் சந்தித்ததும் உண்டு. அமெரிக்காவில் அரிசோனாப் பல்கலைக்கழகத்து வில்லியம் றத்ஜி என்பவர் மாயர் நாகரிகத்தை ஆராய்ந்த தொல்பொருளாளர். 1973 இல் அவர் தம் மாணவரைக்கொண்டு நகரத்தாரின் குப்பையை ஆராயத் தொடங்கினார். பின்னர் நகரங்களின் குப்பைமேடுகளையும் தோண்டினார். பல பத்தாண்டுகளுக்கு முன் புதைத்த செய்தித்தாள்களை அவரால் வாசிக்க முடிந்தது. இறைச்சித் துண்டுகளும் உருவழியாமற் கிடந்தன. உலர்ந்து இறுகிய மேட்டில் நொதித்தல் மிக மெதுவாகவே நடக்கின்றதென்பது அப்போது தெரிந்தது. குப்பை தானே மறைந்துவிடும் என்று நம்பியிருந்தோர்க்கு இஃது அதிர்ச்சியாயிருந்தது.

நம் நாட்டின் நிலைமை இதற்கு மாறானது. இங்கே குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது சேதனப் பொருள், மழையும் மிகுதி. ஆகவே மேட்டினுள் நொதித்தல் விரைந்து நடக்கின்றது. ஆனால் அதற்கு மூடியும் இல்லை, குழாயும் இல்லை. நூறாண்டுக் கணக்கிற் பார்க்கின், எடைக்கு எடை காபனீரொட்சைட்டினும் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பந்தரும் மெதேன் வானிற் செல்கின்றது; கரிய கசிவுநீர் கீழே செல்கின்றது. கண்டி நகரத்துக் குப்பை பல்லாண்டுகளாகக் குவிந்த கொஹாகொடை, மகாவலி கங்கையின் கரையோரத்தில் உள்ளது. அதன் கசிவுநீரைப் பேராதனை ஆராய்ச்சியாளர் அளந்து எழுதியுள்ளனர். கொழும்பிற்கு அயலிலுள்ள மீதொட்டமுல்லையில் 2017 சித்திரைப் புத்தாண்டு நாளிற் குப்பைமேடு சரிந்து முப்பதின்மருக்கு மேல் மாண்டனர்.

பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு கலக்கின்றது. சற்றுக் கீழே பொல்கொல்லை அணை. 1976 முதல் அங்கிருந்து ஆற்றுநீரின் ஒரு பங்கு சுரங்கவழியே உக்குவளைக்குச் சென்று, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் ஓடிப் போவத்தன்னையை அடைந்து, மீண்டும் சுரங்கவழியே கலாவாவிப் பக்கம் திரும்புகின்றது. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவி வரை நீர் கொண்டுசெல்வது, ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமுள்ள பழைய ஜயகங்கை. எனவே அக்குறணைக் கடைவீதியின் பின்புறத்தில் ஓயாவிற் கவிழ்க்கப்படும் வாளி, அச்சிலுவை கிடைத்த நகரத்தின் வாவிக்குச் செல்லும் வழியிலேதான் கவிழ்கின்றது. அதிலுள்ள பொசுபரசு வாயுவாகி மறையாது என்பதை மேலே கண்டோம். தேங்கிய நீரிற் சேர்ந்தால் அது பாசிக்கு உணவாகும். 1999 இற் கண்டி வாவி நீலப்பச்சைப் பாசியாற் போர்க்கப்பட்டதைப் பார்த்தவர் நம்மிடையே பலர்.

அதே பொசுபரசு, நொதித்தற்றொட்டியின் வெளிவாயிலில் வடியும் கூழிலும் அப்படியே இருக்கின்றது. நைதரசனும் பெரும்பாலும் குறையாதிருக்கின்றது. வாயுவாகிச் சென்றது காபன் மட்டுமே. ஆகவே அக்கூழ் பசளையாகும். வாழைக்கும் மரக்கறிக்கும் வார்க்கலாம். உணவகங்களும் பழக்கடைகளும் மரக்கறிக்கடைகளும் இத்துணை நெருங்கிய ஊர்க்கு இதனினும் எளிய மூலப்பொருள் வேறில்லை. இடர் ஒன்றே: பொலித்தீனும் மின்கலமும் கண்ணாடியும் ஒருமுறை கலந்துவிட்டாற் பின்னர் எந்தப் பொறியாலும் செவ்வையாகப் பிரித்தல் அரிது. அதனை நகரசபையோ பிரதேச சபையோ பல்கலைக்கழகமோ செய்துதர இயலாது. கடையின் பின்கதவில் இரண்டு வாளிகள் வைத்து, எச்சிலை ஒன்றிலும் ஏனையவற்றை மற்றதிலும் இடும் பையன்தான் அதனைச் செய்தல் வேண்டும்.