பெத்லகேமுக்குப் போகாத அறிஞர்கள்

கிழக்கிலிருந்து வந்த ஞானியரின் கேள்வியால் கலங்கிய ஏரோது, தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் அழைத்து, மெசியா எங்கே பிறப்பார் என்று வினவினான். அவர்கள் தயங்கவில்லை. இறைவாக்கினர் மீக்காவின் நூலை ஆதாரம் காட்டி, யூதேயாவிலுள்ள பெத்லகேம் எனச் சரியாகவே விடை கூறினர் (மத் 2:4-6). எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒருமணி நேரச் சைக்கிள் ஓட்டம்கூட இல்லை. ஆயினும் அவர்களுள் ஒருவரேனும் அங்கு சென்றதாக நற்செய்தியாளர் குறிப்பிடவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இறையியல் கற்போருக்கு இதைவிட நெருக்கமான எச்சரிக்கை திருவிவிலியத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொழும்புத்துறை புனித சவேரியார் உயர் குருமடத்தில் பயிலும் குருமாணவர்கள் நம் பங்குகளிலிருந்து சென்ற பிள்ளைகளே. துறவறச் சகோதரிகளும் மறையாசிரியர்களும் பொதுநிலையினரும்கூட இன்று இறையியல் கற்கின்றனர். மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களும் ஒரே கையால் எழுதப்பட்டவையல்ல என்பதை வகுப்பில் கேட்கும்போது சிலருக்குத் திகைப்பு ஏற்படுகின்றது. வேறு சிலருக்கோ செருக்கு ஏற்படுகின்றது. விடுமுறையில் வீடு வந்து, அம்மம்மாவின் கையிலுள்ள செபமாலையைப் பார்த்துப் புன்னகைப்பது இந்த இரண்டாம் வகை. திகைப்பைவிட இதுவே கூடுதலான ஆபத்து என்பேன். அறிவு இறுமாப்படையச் செய்யும் என்று புனித பவுல் கொரிந்தியரை எச்சரித்ததும் இதைப் பற்றியே (1 கொரி 8:1).

அப்படியாயின் அதிகம் படிக்காதிருப்பதே நலம் எனக் கூறும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரையே பதிலாகக் காட்டலாம். 1875இல் மானிப்பாயில் பிறந்து, 1901இல் குருவாகி, 1947இல் இறைவனடி சேர்ந்தவர் அவர். பன்மொழிப் புலவர், வரலாற்று ஆய்வாளர், தமிழ்ச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்து அகராதி வெளியிட்டவர். இவ்வளவு படித்தவர், நல்லூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் எளிய மக்களுக்கு மறையறிவு ஊட்டி, ஆலயங்களையும் எழுப்பினார். அவருடைய புத்தக அறையின் கதவு மக்களுக்கு அடைபட்டிருக்கவில்லை. படிப்பு விசுவாசத்தைக் கெடுக்கும் என்பது அவரைப் பார்த்தபின் சொல்லக்கூடியதன்று.

கேடு வேறோர் இடத்தில், அதுவும் ஓசையின்றித் தொடங்குகின்றது. வகுப்பறையில் இறைவன் 'அவர்'. கட்டுரையிலும் பரீட்சைத் தாளிலும் 'அவர்'. செபத்திலோ இறைவன் 'நீர்'. 'அவர்' என்று நாள்தோறும் பல மணி நேரம் பேசிப் பழகிய நாவுக்கு, 'நீர்' என்று அழைப்பது மெல்ல மெல்லக் கடினமாகிவிடுகின்றது. புனித அகுஸ்தீனாருடைய ஒப்புதல்கள் எனும் நூல் முழுவதும் இறைவனை நோக்கிப் பேசுவது. 11ஆம் நூற்றாண்டில் புனித ஆன்செல்ம், இறைவன் இருக்கிறார் என்பதற்கான தமது புகழ்பெற்ற தர்க்கத்தையே மன்றாட்டு வடிவில் அமைத்தார். வாதம் செய்துகொண்டே முழந்தாளில் நின்றவர் என்று அவரைக் கூறலாம். இது எல்லோருக்கும் எழுத்தில் கைகூடாது, தேவையுமில்லை. ஆனால் பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் சிற்றாலயத்தில் அமர்ந்து, அன்று கேட்டவற்றுள் ஒன்றை, அது விளங்காத ஒன்றாயினும், 'ஆண்டவரே, நீர்...' என்று தொடங்கி அவரிடமே சொல்ல எந்த மாணவருக்கும் இயலும்.

ஐயம் எழுந்தால் யாரிடம் சொல்வது? சொன்னால் குருத்துவத்திற்குத் தகுதியற்றவன் எனக் கருதுவார்களோ என்ற அச்சத்தால் பலர் வாய்திறப்பதில்லை. திருச்சபை இதை அறியாததன்று. ஒவ்வொரு குருமடத்திலும் ஆன்ம இயக்குநர் ஒருவரேனும் இருக்கவேண்டும் என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பணிக்கின்றது. ஒரு மாணவரைத் திருநிலைப்படுத்துவதா, குருமடத்திலிருந்து அனுப்பிவிடுவதா என்று தீர்மானிக்கும்போது, ஆன்ம இயக்குநரின் கருத்தையோ ஒப்புரவு கேட்கும் குருவின் கருத்தையோ ஒருபோதும் கேட்கலாகாது எனவும் அதே தொகுப்பின் 240ஆம் சட்டம் தடுக்கின்றது. நோயாளி மருத்துவரிடம் மறைப்பதில்லை அல்லவா? அதுபோல உள்ளத்தின் வறட்சியை மறைக்காமல் கூறுவதற்கென்றே இந்த வேலி போடப்பட்டுள்ளது. குருமடத்துக்கு வெளியே இறையியல் கற்போரும் தம் பங்குத்தந்தையையோ நம்பிக்கைக்குரிய துறவியையோ இவ்வாறு நாடிக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகன் விடுமுறைக்கு வந்ததும் பரீட்சை எப்படி, எப்போது பட்டம் என்று கேட்கின்றோம். நம் ஊர்களில் குருமடத்தைவிட்டுத் திரும்பியவனைப் பற்றி எழும் பேச்சு அவனுக்கும் தெரியும்; ஆகவே எல்லாம் நலம் என்றே சொல்லிவிடுவான். இம்முறை, இரவுச் செபம் முடிந்தபின், உன்னால் செபிக்க முடிகின்றதா என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். அவன் உடனே பதில் சொல்லாவிடினும், அந்த மௌனத்தை நீங்கள் பேசி நிரப்பிவிட வேண்டாம்.